கோஸ் பகலில் துவள்கிறதா? வேரைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: குன்னூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் தோட்டம் இருக்கிறது. முட்டைக்கோஸ் காலையில் நன்றாக நிற்கிறது, வெயில் ஏறியதும் துவண்டுவிடுகிறது, சாயங்காலம் மறுபடி நிமிர்கிறது. தண்ணீரும் வேப்பம்புண்ணாக்கும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தேன். கோஸ் கட்டவே இல்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு செடியை இழுக்காமல், சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் விரலி மஞ்சள் போலத் தடித்து, வெட்டினால் உள்ளே வெள்ளையாகச் சதைப்பற்றோடு இருந்தால் அது கிளப் ரூட் எனும் வேர் வீக்க நோய். சல்லி வேர்களில் மட்டும் மணி மணியாகச் சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு எனும், கண்ணுக்குத் தெரியாத மண்புழுவல்லாத நுண்புழுவின் வேலை. வேப்பம்புண்ணாக்கு நூற்புழுவை ஓரளவு கட்டுப்படுத்தும், கிளப் ரூட்டுக்கு உதவாது. வேர் வீங்கிய செடியால் வெயில் நேரத்தில் இலைக்கு வேண்டிய நீரை ஏற்றிக் கொடுக்க முடிவதில்லை. அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் வாடுகிறது. கூடுதலாக ஊற்றும் தண்ணீர் கெடுதலே செய்யும், ஏனென்றால் இந்தக் கிருமியின் வித்துகள் ஈரத்தில் நீந்தித்தான் வேருக்குப் போகின்றன.

நோய் வந்த செடியைக் காப்பாற்றும் மருந்து கிடையாது. நடும்போது நாற்றின் வேரை லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டாசிம் எனும் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் 20 நிமிடம் நனைப்பார்கள். அது இளம் வேருக்குக் கொஞ்ச நாள் பாதுகாப்பு தரும், மண்ணில் கிடக்கும் வித்துகளை அழிக்காது. வீட்டுச் சமையலுக்கான அரை சென்ட்டுக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. சரிசெய்ய வேண்டியது மண்ணின் புளிப்பைத்தான்.

நீலகிரி மண் இயல்பாகவே அமிலம், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்) 5-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். தேயிலைக்கு அது நல்லது, கோஸுக்கு ஆகாது. வேலியோரத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால் உங்கள் மண்ணும் அப்படித்தான். தோட்டத்தில் ஐந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். 7 முதல் 7.2 வரை ஏறினால் கிருமி வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறையும்.

அதற்கு விவசாயச் சுண்ணாம்புத் தூளோ டோலமைட்டோ சதுர மீட்டருக்கு 250 முதல் 500 கிராம். சென்ட் கணக்கில் 10 முதல் 20 கிலோ, உங்கள் அரை சென்ட்டுக்கு 5 முதல் 10 கிலோ. நடவுக்கு 4 முதல் 6 வாரம் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது தூவி, ஒரு சாண் ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். மேலாகத் தூவிவிட்டால் வேர் இருக்கும் ஆழத்துக்குப் போகாது; பலருக்கும் சுண்ணாம்பு பலிக்காமல் போவது இதனால்தான். நீற்றுச் சுண்ணாம்பு என்றால் முக்கால் பங்கு போதும், கையுறை அவசியம். சாணத்தையும் யூரியாவையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஒரே தடவையில் சதுர மீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் வேண்டாம். அடுத்த பருவத்துக்கு முன் மறுபடி சோதித்துப் போடுங்கள். சுண்ணாம்பு ஏறினால் போரான் எனும் நுண்சத்து கிடைப்பது குறைந்து காலிஃபிளவர் பழுப்படிக்கும். சென்ட்டுக்கு 40 கிராம் போராக்ஸை (போரான் உள்ள உப்பு) நீரில் கரைத்து ஊற்றினால் போதும். கேமெல்லியா, அசேலியா, ஹைட்ரேஞ்சியா பக்கம் சுண்ணாம்பு போகவே கூடாது.

சுண்ணாம்பு மட்டும் போதாது. வித்துகள் மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும், அதனால் குறைந்தது மூன்று ஆண்டு, முடிந்தால் ஐந்தாறு ஆண்டு, அந்த இடத்தில் கோஸ் குடும்பமே வேண்டாம். காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எல்லாம் அந்தக் குடும்பம். பூப்பாத்தியில் வைக்கும் ஸ்டாக், அலிசம் இரண்டும் அதே குடும்பம்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்குப் பதில் பீன்ஸ், பட்டாணி, பீட்ரூட், மலைப்பூண்டு போடுங்கள். உருளைக்கிழங்கை மட்டும் சுண்ணாம்பு போட்ட உடனே வைக்காதீர்கள், தோலில் சொறி நோய் வரும்.

பிடுங்கிய வேர்களை உரக்குழியில் போடாதீர்கள். நன்றாக உலர்த்தி எரித்துவிடுங்கள். நோயுற்ற கோஸ் கழிவு தின்ற மாட்டின் சாணத்திலும் வித்துகள் சாகாமல் வரும், எனவே எரு வாங்கும்போது மாட்டுக்கு என்ன தீனி என்று கேளுங்கள். மேல் படித்தளத்தில் நோய் இருந்தால் மழைநீர் அதைக் கீழே கொண்டு வந்துவிடும், இடையில் வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். மண்வெட்டியையும் பூட்ஸையும் அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள். பாலிதீன் மூடி மண்ணைச் சூடாக்கும் முறை சமவெளிக்குச் சரி, இங்கத்திய குளிரிலும் மூடுபனியிலும் மண் அந்த அளவு சூடேறாது.

இந்த வருடமே கோஸ் சாப்பிட வேண்டும் என்றால் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் நிரப்பிய, 12 முதல் 15 லிட்டர் கொள்ளும் வளர்ப்புப் பைகளில் பைக்கு ஒரு செடி வையுங்கள். தோட்டத்து மண் ஒரு பிடியும் கலக்கக் கூடாது, பை தரையைத் தொடாமல் செங்கல் மேல் நிற்கட்டும். நாற்றையும் வெளியே வாங்காமல் தட்டில் நீங்களே விதைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதுத் தோட்டங்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் நாற்றின் வேரில் ஒட்டித்தான் வருகிறது.