ஒரு பெட்டி கரகரக்குது, மற்றதில ட்ரெபிள் இல்லை: பழைய ஸ்பீக்கரை வீட்டில எப்பிடித் திருத்துறது?

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செக்கண்ட் ஹாண்டா ஒரு சோடி ஸ்ரீரியோ பெட்டி வாங்கினவராம், 8 இஞ்சி வூஃபர் (பேஸ் தாற பெரிய ஸ்பீக்கர்), ஒரு பெட்டி பேஸ், அதாவது அடிச்சத்தம், வரேக்க கரகரக்குது, மற்றதில ட்ரெபிளே, அதாவது கூரான மேல்சத்தமே, கேக்காதாம், திருத்தக் கொண்டுபோன இடத்தில ரெண்டு வூஃபரையும் புதுசா மாத்தச் சொல்லிட்டினமாம்.

தம்பி, மாத்தாதேங்கோ. அந்தப் பெட்டியின்ர அளவும் ஓட்டையும் அந்த வூஃபருக்கெண்டே கணக்குப் பாத்துச் செய்தது, வேற ஒண்டைத் தூக்கிப் போட்டா சத்தம் வரும், ஆனா அந்தப் பெட்டியின்ர சத்தம் வராது. அதோட உங்கட ட்ரெபிள் பிரச்சினைக்கும் வூஃபருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதல்ல அம்பை (அம்பிளிஃபையரை) நிப்பாட்டிப்போட்டு இடது வலது வயரை மாறிக் குடுத்துப் பாருங்கோ. கரகரப்பு அதே பெட்டியிலயே நிண்டா பெட்டியில பிழை, மற்றப் பெட்டிக்குத் தாவினா அம்பில பிழை. இதைச் செய்யாம பெட்டியைக் கழட்டின எத்தினையோ பேரைக் கண்டிருக்கிறன்.

பெட்டியிலதான் எண்டா முன்துணியைக் கழட்டி, கோனை (வூஃபரில ஆடுற கூம்பை) சுத்தி இருக்கிற வளையத்தை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. ரப்பரோ துணியோ எண்டா கனகாலம் நிக்கும், ஃபோம் எண்டா பாவிக்காம மூலையில கிடந்தாலும் 15, 20 வருசத்தில காத்தில இருக்கிற ஈரமே அதை அரிச்சுப்போடும், விரல் பட்டாலே மாவாக் கொட்டும். உங்கட கரகரப்பு அநேகமா இதுதான். பேந்து ரெண்டு பெருவிரலையும் கோனில எதிரெதிரா வைச்சு மெல்லமா உள்ளுக்கு அமத்துங்கோ, உரசுற சத்தம் கேட்டா கொயில் (கோனுக்குப் பின்னால இருக்கிற கம்பிச்சுருள்) காந்தத்தில முட்டுது. ஃபோமைக் கழட்டின பிறகும் உரசினா கொயில் நெளிஞ்சோ கருகியோ இருக்கும், அதுக்கு ஃபோம் மாத்திப் பிரயோசனம் இல்லை.

உரசேல்லையெண்டா ஃபோம் வளையம் மட்டும் ஒன்லைனில எடுக்கலாம். 8 இஞ்சி எண்டு மட்டும் சொல்லி ஓடர் போடாதேங்கோ, கோனின்ர விட்டம், வளையத்தின்ர உள்விட்டம், வெளிவிட்டம், சட்டத்தின்ர அளவு எல்லாத்தையும் மில்லிமீற்றரில அளந்து பொருத்திப் பாத்து எடுங்கோ. பழைய பசையை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு ஆறுதலாச் சுரண்டுங்கோ, அவசரப்பட்டா கடதாசிக் கோன் கிழியும். ஒட்டுறதுக்கு மரவேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைக் கம் காணும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அது உடன பிடிச்சிடும், பேந்து நடுவுக்குக் கொண்டுவர ஏலாது. முதல்நாள் கோனோட ஒட்டுங்கோ, அடுத்தநாள் சட்டத்தோட ஒட்டேக்க கம் காயமுதல் போனில 30 ஹேர்ட்ஸ் சத்தம் ஒண்டை அம்புக்குக் குடுத்து கோன் கொஞ்சமா ஆடுற அளவுக்கு மட்டும் வொலியூம் வைச்சு, உரசல் இல்லாம வரும்வரைக்கும் கோனை அங்கால இங்கால நகர்த்துங்கோ. வந்தவுடன உடுப்புக் கிளிப்பாலை சுத்திவரக் கவ்விப்போட்டு 24 மணித்தியாலம் தொடாதேங்கோ.

கோனில சின்னக் கீறல் இருந்தா ரிசு பேப்பரையும் அதே கம்மையும் வைச்சு ஒட்டலாம். 90களில கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள், இருக்கிறதைத் திருத்திப் பாவிக்கிறது எங்களுக்குப் புதுசில்லை.

இனி ட்ரெபிள். ட்வீட்டரின்ர (ட்ரெபிள் தாற சின்ன ஸ்பீக்கரின்ர) ஒரு வயரைக் கழட்டிப்போட்டு மல்ரிமீற்றரை ஓம்சில வைச்சு நேர ட்வீட்டரில அளங்கோ. பெட்டியின்ர பின்னால அளந்தா விளங்காது, ட்வீட்டருக்கு முன்னால இருக்கிற கப்பாசிற்றர் எண்ட சின்ன உறுப்பு மீற்றர் அனுப்புற டிசியை (ஒரே பக்கமா ஓடுற கரண்டை) விடாது, மீற்றர் வூஃபரைத்தான் காட்டும். 8 ஓம்ஸ் எண்டு போட்டிருந்தா 6, 7 வரும், அது சரி. ஒண்டுமே காட்டேல்லையெண்டா ட்வீட்டர் கொயில் அறுந்திட்டுது. ட்வீட்டர் நல்லதெண்டா கப்பாசிற்றரைத்தான் பிடிக்கவேணும், பழைய எலக்ட்ரோலிற்றிக் உள்ளுக்கை காய்ஞ்சு ட்ரெபிளைக் குறைச்சுப்போடும். அதில எழுதியிருக்கிற மைக்ரோஃபரட் அளவிலயே, வோல்ற் அதே அளவோ கூடவோ பாத்து, பிளஸ் மைனஸ் இல்லாத வகையா வாங்கி சோல்டர் பண்ணுங்கோ, ஃபிலிம் கிடைச்சா இன்னும் நல்லது. சத்தம் ஒத்து வரவேணுமெண்டா ரெண்டு பெட்டியிலயும் மாத்துங்கோ.

பூட்டமுதல் 1.5 வோல்ற் பற்றரியை வூஃபரில ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. பிளஸ் பிளசோட பட்டா கோன் வெளியால வரவேணும், சில பழைய ஜேபிஎல் கொம்பனி வூஃபர் மட்டும் மறுவளமாப் போகும். ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரிப் போனாத்தான் சரி, ஒண்டு மாறியிருந்தா பேஸ் செத்துப்போகும். திருத்தின பெட்டியை அம்பில கொழுவமுதல் அதின்ர ஸ்பீக்கர் வாயில பாட்டுப் போடாம டிசி எவ்வளவு வருதெண்டும் அளங்கோ, 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழ எண்டா பயமில்லை, வோல்ற் கணக்கில வந்தா கொழுவாதேங்கோ, கொயிலை எரிச்சுப்போடும்.

ட்வீட்டரில மீற்றர் காட்டின இலக்கத்தை எழுதி அனுப்புங்கோ தம்பி, அறுந்திருந்தா அதுக்கேத்த ட்வீட்டரை எப்பிடித் தெரிவுசெய்யிறதெண்டு சொல்லுறன்.