சுவிட்ச் சிப் கனவோடு நிற்கும் மகன்: ஏற்காட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் தம்பிக்கு ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும்போல இருக்கிறது, சொந்தக்காரர்கள் எல்லாரும் வேறு கல்லூரியானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், அவனோ நெட்வொர்க் சுவிட்ச்சுக்குள் இருக்கும் சிப்பை வடிவமைக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான், சிப் டிசைன் பயிற்சி நிலையம் ஒன்று 2 லட்சம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஈ. எடுக்கட்டும். 2 லட்சம் கேட்கும் அந்தச் சிப் டிசைன் பயிற்சி நிலையத்துக்கு மட்டும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

தம்பி எதை விரும்புகிறான் என்பது உங்களுக்குப் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் எஸ்டேட் ஆபீஸில் நாலைந்து கேபிள் செருகிய சின்னப் பெட்டி ஒன்று பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான் ஈத்தர்நெட் சுவிட்ச். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் துண்டை, அதாவது பாக்கெட்டை, எந்தக் கேபிள் வழியாக வெளியே விட வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. டேட்டா சென்டர்களில் இருக்கும் பெரிய சுவிட்ச்சுகள் இதோடு நிற்பதில்லை. எந்த ஊருக்கு, எந்த வழியாக என்று ரூட்டிங்கும் பார்க்கின்றன. அதைச் செய்வது உள்ளே இருக்கும் தனிச் சிப்.

சாதாரண கம்ப்யூட்டர் பிராசஸரே இதைச் செய்யாதா என்று கேட்கலாம். வேகம்தான் பிரச்சினை. நொடிக்கு 10 ஜிகாபிட் ஓடும் ஒரே ஒரு போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் துளையை, எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய பாக்கெட்டுகளாக, 64 பைட் அளவில் வந்தால், ஒரு நொடிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சம் பாக்கெட் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 67 நானோ நொடி. சாதாரண ராம் மெமரியிலிருந்து ஒரு தகவலை எடுத்து வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். இப்படிப்பட்ட போர்ட்டுகள் பத்துக்கணக்கில் இருக்கும்போது, ஒவ்வொரு பாக்கெட்டையும் மென்பொருளால் பார்த்து அனுப்ப முடியாது. அதனால் முடிவெடுக்கும் வேலையையே சிலிக்கானில் சுற்றாகச் செதுக்கிவிடுகிறார்கள்.

அந்த முடிவு எப்படி நடக்கிறது என்பதை நம் ஊர் பின்கோடை வைத்தே சொல்லலாம். 636 என்று ஆரம்பித்தால் கடிதம் சேலம் பக்கம் வரும். முழுதாக 636601 என்று இருந்தால் ஏற்காட்டுக்கு ஏறும். எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையிலும் இப்படி முகவரியின் ஆரம்பப் பகுதிகள், அதாவது முன்னொட்டுகள், சின்னதாகவும் இருக்கும், பெரிதாகவும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் நீளமாகப் பொருந்துவதைத்தான் எடுக்க வேண்டும். உலகம் முழுக்கச் சேர்த்தால் ஐபி பதிப்பு 4 என்ற பழைய இணைய முகவரி முறைக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் கதை ஆகாது. டிகேம் என்ற மெமரி, தன்னிடம் இருக்கும் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்து விடை தரும். ஆனால் அது இடத்தையும் மின்சாரத்தையும் விழுங்கும், சூடேறும். எவ்வளவை டிகேமில் வைப்பது, எவ்வளவைச் சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் என்ற சாதாரண மெமரியில் கணக்குப் போட்டு அடுக்குவது என்பதில்தான் இந்தத் துறை எஞ்சினியரின் மூளை வேலை செய்கிறது. வழி கிடைத்த பிறகும் பாக்கெட் இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும், பிழை கண்டுபிடிக்க உதவும் செக்சம் எண்ணைத் திருத்த வேண்டும், அடுத்த கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் புதிதாக எழுத வேண்டும், வரிசையில் நிறுத்த வேண்டும். ஒரு பாக்கெட் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போதே அடுத்தடுத்தவை முந்தைய கட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும். பதினேழு வயதுப் பையன் இதைப் பார்த்து மயங்குகிறான் என்றால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, வேலைக்கு வருவோம். பிராட்காமின் டொமஹாக் 5 சிப் 2022-இல் அறிவிக்கப்பட்டபோது அதன் மொத்த வேகம் நொடிக்கு 51.2 டெராபிட், அதாவது 51,200 ஜிகாபிட். 2025-இல் வந்த டொமஹாக் 6 அதைப்போல இரு மடங்கு. ஏஐ டேட்டா சென்டர்களில் ஏஐ கணக்குகளைப் போடும் ஆயிரக்கணக்கான ஜிபியு சிப்களை இணைக்க இவை தேவைப்படுகின்றன. பிராட்காம், மார்வெல், சிஸ்கோ, என்விடியா எல்லாவற்றுக்கும் பெங்களூருவில் எஞ்சினியரிங் குழுக்கள் உண்டு. சேலத்திலேயே இந்த வேலை கிடைக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு 200 கிலோமீட்டர்தான். வாரக் கடைசியில் பையன் வீட்டுக்கு வந்துபோகலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பார்ஃபூட் என்ற நிறுவனம் டொஃபினோ என்று ஒரு சிப் செய்தது. பாக்கெட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று அந்தச் சிப்புக்குப் பி4 என்ற நிரல் மொழியில் நாமே எழுதிக்கொள்ளலாம். 2019-இல் இன்டெல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023-இல் அடுத்த தலைமுறைச் சிப்களை உருவாக்குவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ஆகவே தம்பி ஒரே நிறுவனத்தின் ஒரே சிப்பைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், நெட்வொர்க் அடிப்படை மூன்றும் கைவசம் இருந்தால் எந்தச் சிப்புக்கும் மாறலாம்.

புதிதாகச் சேருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கிடைப்பது வெரிஃபிகேஷன், அதாவது மற்றவர்கள் வடிவமைத்ததைச் சரிபார்க்கும் வேலை. அதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிப் ஃபேக்டரிக்குப் போன பிறகு ஒரு பிழை தெரியவந்தால், மொபைல் ஆப் மாதிரி அப்டேட் விட்டுச் சரிசெய்ய முடியாது. சிப்பை அச்சடிக்கும் மாஸ்க் என்ற அச்சை மறுபடி செய்ய மாதங்களும் கோடிகளும் போகும். ஒரே பிழையை நாள்கணக்கில் துரத்தும் பொறுமை உள்ளவனுக்கு இது நல்ல இடம். சீக்கிரம் சலித்துக்கொள்கிறவன் என்றால் இது சரிப்படாது. அம்மா, அது உங்களுக்குத்தான் தெரியும்.

அவனுக்கும் தெரியட்டும். கல்லூரி திறப்பதற்குள் சிப் வடிவமைப்பை ஓட்டிப் பார்க்கும் ஐகாரஸ் வெரிலாக், அதன் சிக்னல்களைப் படமாகக் காட்டும் ஜிடிகேவேவ் இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொண்டு, ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாட வீடியோக்களைப் பார்த்து, நாலு போர்ட் சுவிட்ச் ஒன்றை வெரிலாக் என்ற சிப் வடிவமைப்பு மொழியில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பியவரின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் வந்தது என்று அது நினைவில் வைக்க வேண்டும். தெரியாத முகவரி என்றால் மற்ற எல்லாப் போர்ட்டிலும் விட வேண்டும். ஒரு முகவரியிலிருந்து 300 நொடி சத்தமே இல்லாவிட்டால் அதை மறந்துவிட வேண்டும். இது ஓடிய பிறகு, இரண்டு போர்ட்டிலிருந்து வரும் பாக்கெட் ஒரே நேரத்தில் மூன்றாவது போர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் எது காத்திருக்கும், எங்கே காத்திருக்கும் என்று கேளுங்கள். இன்டர்வியூக்களிலும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வரும். விடுமுறையில் இதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான் என்றால் தயங்காமல் சேருங்கள். நாலாம் நாளே மூடி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸும் கெட்டதில்லை. சுவிட்ச்சை இயக்கும் மென்பொருள் எழுதவும் ஆள் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தொடங்கிவைத்த சோனிக் என்ற சுவிட்ச் இயங்குதளம் மாதிரித் திறந்த மென்பொருள்கள் அந்தப் பக்கக் கதவு.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தான் என்றீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் அந்தச் சான்று ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கல்லூரிக்குப் போகும்போது ஈ.சி.ஈ. துறைத் தலைவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வடிவமைத்த சுற்றை உண்மையான சிப்பில் ஏற்றிப் பார்க்க உதவும் எஃப்பிஜிஏ போர்டை மாணவர்கள் கையில் தருகிறார்களா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா? மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் நடத்தும் சிப்இன் மையம் வழியாகச் சிப் வடிவமைப்பு மென்பொருள் கிடைக்கிறதா?

பெரிய சிப் நிறுவனங்கள் நம் ஊர்க் கல்லூரி வாசலுக்கு வரும் என்று காத்திருக்காமல், மூன்றாம் வருடத்திலிருந்தே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குப் படிக்கட்டும். நல்ல இடத்தில் எம்.டெக். முடித்தால் அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும். அந்த 2 லட்சத்தில் கொஞ்சம் எடுத்து, 8 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப் வாங்கி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். முதல் வருடத்துக்கு அது தாராளம்.