தினமும் தொழில்நுட்பச் செய்தி படிப்பவருக்கு வாராந்தரப் பாட்காஸ்ட் எதற்கு?

கேள்வி நியாயமானது. செய்தி நிமிடத்துக்கு நிமிடம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. வாரக் கடைசியில் மூன்று பேர் உட்கார்ந்து அதையே ஒன்றரை மணி நேரம் பேசுவதை ஏன் கேட்க வேண்டும், ஆறிப்போன செய்திதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறிப்போன செய்திதான். ஆறியிருப்பதால்தான் கேட்கிறேன்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. எங்கள் அலுவலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வேடிக்கை பார்த்தவன் மட்டுமே. ஆனாலும் சும்மா இருக்க முடியாமல், “பெரிய சைபர் தாக்குதலாம்” என்று அலுவலகக் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே தாக்குதல் ஏதுமில்லை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. நான் தட்டிவிட்டதைப் பதினைந்து பேர் அதற்குள் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். என் திருத்தத்தை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

அடுத்த வாரப் பாட்காஸ்ட்களில் இதே செய்தி வேறு முகத்தோடு வந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள், மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொல்லியிருந்தது. ஒரு சதவீதம்கூட இல்லாததற்கு உலகம் ஏன் நின்றது? அன்றைய செய்திகளில் எனக்குக் கிடைக்காத கேள்வி இது. ஒருவர், அந்த மென்பொருளை வாங்குகிறவர்களே நிற்கக் கூடாத நிறுவனங்கள்தான் என்றார். இன்னொருவர், பாதுகாப்பு மென்பொருளை இயங்குதளத்தின் கருவறை வரை ஏன் விட வேண்டும் என்று கேட்டார். மூன்றாமவர், புதிய பதிப்பைச் சில நாள் தள்ளிப்போட்டு நிறுவ வாடிக்கையாளருக்கு வசதி இருந்தும், இந்த வகை அப்டேட்டுக்கு அந்த வசதி இல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததே என்று பிடித்துக்கொண்டார். மூன்றும் சரி. மூன்று பேருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் விரிவான விசாரணை அறிக்கை வந்தது. நிரல் 20 உள்ளீடுகளோடு தயாராக இருந்தது. வந்த கோப்போ 21ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத பெட்டியைத் திறக்கப் போய் விழுந்திருக்கிறது. அதற்குள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வேறு செய்திகள் வந்துவிட்டன. நான் கேட்கும் நிகழ்ச்சியில் மட்டும் “போன மாதம் பேசினோமே, அதன் மிச்சம்” என்று ஆரம்பித்து இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பழைய செய்தியின் மிச்சத்தைத் தேடிப் போய் எடுத்து வருகிற பழக்கம் வாராந்தர உரையாடலுக்கு இருக்கிறது. ‘ஆக்சிடென்டல் டெக் பாட்காஸ்ட்’ என்று மூன்று பேர் 2013 முதல் நடத்துவதில், முந்தைய வாரத்தின் திருத்தங்களும் தொடர்ச்சிகளும்தான் முதலில் வரும். சில வாரம் அதிலேயே பாதி நேரம் போய்விடும். கோபம் வந்தாலும் கேட்பேன்.

இந்த வடிவம் ஒன்றும் புதிதல்ல. லியோ லபோர்ட் என்ற தொழில்நுட்ப ஒலிபரப்பாளர் ‘திஸ் வீக் இன் டெக்’ நிகழ்ச்சியை ஆரம்பித்தது 2005 ஏப்ரலில். தன் ஐட்யூன்ஸ் இசைச் செயலியில் ஆப்பிள் பாட்காஸ்ட்களைச் சேர்த்ததே அதற்குப் பிறகு, அந்த ஜூனில்தான். அதே 2005இல் அவரோடு சேர்ந்து ஸ்டீவ் கிப்சன் தொடங்கிய, கணினிப் பாதுகாப்பு பற்றிய ‘செக்யூரிட்டி நவ்’ இன்னும் வாரம் தவறாமல் வருகிறது. 999ஆவது எபிசோடோடு நிறுத்திக்கொள்வேன் என்று கிப்சன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மனம் மாறி, 2024இல் ஆயிரத்தையும் தாண்டிப் போய்விட்டார். வாரா வாரம் பேசிப் பழகியவரால் நிறுத்த முடிவதில்லை போலிருக்கிறது.

என்னால் முடிந்தது. நானும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலத்தில் இப்படி ஒன்று நடத்தினோம். ஒரு வருடம் ஓடியது, கேட்டவர்கள் இருநூறு பேரைத் தாண்டவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

2024 மார்ச் கடைசி. லினக்ஸ் இயங்குதளத்தில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் யாரோ பின்வாசல், அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருப்பதாகச் செய்தி. நான் மைக் முன்னால் உட்கார்ந்து, “லினக்ஸ் சர்வர்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன” என்று முழங்கினேன். எங்களில் மூன்றாமவர் நண்பரின் தங்கை, நெட்வொர்க் பொறியாளர். அவர் குறுக்கிட்டு அமைதியாகக் கேட்டார்: “அண்ணா, அந்த அறிவிப்பைப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எடிட் செய்ய உட்கார்ந்தபோது, மேலும் கீழும் துடிக்கும் ஒலிக்கோடுகளுக்கு நடுவே அந்த இடம் மட்டும் ஒரே நேர்க்கோடாகக் கிடந்தது. ஏழு விநாடி. கடைசியில் என் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். வெட்டி எறியக் கர்சரை வைத்துவிட்டேன். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டலாம் என்று அழைத்தால், “அதை வெட்டினால் அதற்குப் பிறகு நான் சொல்வது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது போல் ஆகிவிடும். இருக்கட்டும்” என்றார். இருந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னது இதுதான்: பின்வாசல் இருந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலை லினக்ஸ் வெளியீடுகளுக்குத்தான் போயிருந்தன. நிலையான வெளியீடுகளில் ஓடும் சர்வர்கள் பெரும்பாலும் தப்பித்தன. தப்பித்ததற்குக் காரணம் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற ஒரு பொறியாளர். வேறு ஏதோ வேலையாகச் சோதித்துக்கொண்டிருந்தவருக்கு, தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது உறுத்தியிருக்கிறது. அந்த அரை விநாடியைத் துருவிப் போய்த்தான் கண்டுபிடித்திருக்கிறார். பின்வாசலை வைத்தவன் இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு நல்ல பிள்ளையாகப் பங்களித்து, தனியாளாகத் திண்டாடிக்கொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவன். என் முழக்கத்தைவிட நூறு மடங்கு நல்ல கதை. நானும் அதே செய்தியைத்தான் ‘படித்திருந்தேன்’.

செய்தியைத் தனியாகப் படிக்கும்போது நம்மைக் குறுக்கே கேட்க ஆளில்லை. எழுதியவரையும் நம் கண் முன்னால் யாரும் கேட்பதில்லை. உரையாடலில் ஒருவருக்கு எது நிச்சயமாகத் தெரியும், எதை ஊகிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது. தயங்குகிறார், பின்வாங்குகிறார், “அப்படித்தான் நினைக்கிறேன்” என்று இறங்கி வருகிறார். அதற்காகவே நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவதை விட்டுவிட்டேன். மௌனத்தை வெட்டிச் சுருக்கும் வசதியைச் செயலிகள் தருகின்றன, அதையும் அணைத்துவிடுங்கள்.

குறை இல்லாமலா? வாராந்தரம் என்பதே சில நேரம் கழுத்தை அறுக்கும். 2023 நவம்பரில் ‘ஹார்ட் ஃபோர்க்’ பாட்காஸ்ட் குழு, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனை ஒரு புதன்கிழமை பேட்டி எடுத்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை, 17ஆம் தேதி, அவரை நிர்வாகக் குழு பதவியிலிருந்து தூக்கிவிட்டது. சில நாளில் அவர் திரும்பியும் வந்துவிட்டார். இடையில் அந்தப் பேட்டியை, நடந்த கலவரத்தைப் பற்றிய அவசர உரையாடலோடு சேர்த்து வெளியிட்டார்கள். பேட்டி கொடுத்தவருக்கு என்ன வரப்போகிறதென்று கேட்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்படிக் கேட்பது ஒரு தனி அனுபவம்தான். ஆனால் இந்த வேகத்தில் ஓடும் செய்திக்கு வாராந்தர நிகழ்ச்சி லாயக்கில்லை. அன்றைக்குத் தினச்செய்தியைத்தான் படிக்க வேண்டும்.

விளம்பரம் இன்னொரு தொல்லை. இப்போதுதான் ஒரு நிறுவனத்தைக் கிழித்தவர், அதே குரலில், அதே நட்போடு இணையத் தொடர்பை மறைத்துத் தரும் ஒரு விபிஎன் சேவையைப் புகழ ஆரம்பிப்பார். காது ஏமாந்துவிடும். நீளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆப்பிளும் கூகுளும் விழா நடத்தும் வாரங்களில் மூன்று மணி நேரம்கூடப் போகும். நான் அந்த வாரங்களைத் தாண்டிவிடுவேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், புதிய எபிசோடைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் புதிய செய்தியில் புத்திசாலியாகத்தான் தெரிவார்கள். பழையதைத் தோண்டுங்கள். 2023 ஜூலைக் கடைசியில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், அறை வெப்பநிலையிலேயே மின்தடையில்லாமல் இயங்கும் எல்கே-99 என்ற பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள், இணையமே குதித்தது. ஆகஸ்ட் நடுவிலேயே மற்ற ஆய்வகங்கள் அதை மறுத்துவிட்டன. உங்கள் பட்டியலில் இருக்கும் நிகழ்ச்சியின் அந்த வார எபிசோடை எடுத்துக் கேளுங்கள். குதித்தார்களா, பொறுத்தார்களா என்பது இரண்டாம்பட்சம். நானே குதித்தவன்தான். அதற்கு மூன்று வாரம் கழித்து வந்ததையும் கேளுங்கள்: அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார்களா, “நாங்கள் சொன்னது தவறு” என்று யாராவது வாய் திறந்தார்களா, அல்லது எதுவும் நடக்காதது போல் அடுத்த கைப்பேசிக்குப் போய்விட்டார்களா?

என்னிடம் ஐந்து நிகழ்ச்சிகள் இருந்தன. இந்தச் சோதனைக்குப் பிறகு மூன்று இருக்கின்றன.