தாலி கட்டி எட்டு வருடம்: சட்டப்படி நான் மனைவியா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். எட்டு வருடங்களுக்கு முன் மண்டபத்தில், ஐயர் வைத்து, முந்நூறு பேர் முன்னால் எங்கள் கல்யாணம் நடந்தது. நல்ல நாள் அமையவில்லை என்று ஆர்ஓஎம்மை, அதாவது திருமணப் பதிவகத்தில் பதிவதை, தள்ளிப்போட்டோம், அப்படியே நின்றுவிட்டது. மகளுக்கு ஆறு வயது. "தாலியே கட்டியாச்சு, இனி எதுக்குப் பதிவு?" என்கிறார் மாமியார். பழைய தேதியிலேயே இப்போது பதிய முடியுமா? என் தம்பி கதை நேர்மாறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காக ஆர்ஓஎம் முடித்துவிட்டான், தாலி வரும் தையில்தான். அவர்கள் இப்போது கணவன் மனைவியா?

பதில்: சகோதரி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி நீங்கள் இன்னும் மணமாகாதவர். பழைய தேதியில் பதியவும் வழியில்லை.

'பதிவு' என்ற சொல்தான் நம்மவர்களை ஏமாற்றிவிடுகிறது. நடந்து முடிந்த கல்யாணத்தை ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பது போலத் தோன்றும். இங்கே அப்படியில்லை. திருமணப் பதிவகம் தரும் உரிமத்தோடு, கல்யாணம் செய்துவைக்க உரிமம் பெற்ற ஒருவர், இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் இருவரும் சம்மதம் சொல்லும் அந்த நிமிடம்தான் கல்யாணம். இது இல்லாமல் இங்கே நடக்கும் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின்படி செல்லாது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, உரிமம் பெற்ற ஒருவரை மண்டபத்துக்கே வரவழைத்திருந்தால் சடங்கும் சட்டத் திருமணமும் ஒரே மேடையில் முடிந்திருக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிச் சட்டம். முறைப்படி காதி (முஸ்லிம் திருமண அதிகாரி) நடத்தும் நிக்காஹ்வே அவர்களுக்குச் சட்டத் திருமணம்.

மாமியார் சொல்வதைத் தப்பென்று தள்ளிவிடாதீர்கள். மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது 1961 செப்டம்பர் 15 அன்று. அதற்கு முன் நம் வழக்கப்படி இங்கே முறையாகத் தாலி கட்டிய கல்யாணங்கள் இன்றும் செல்லும். தமிழ்நாட்டிலோ, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு நடந்த கல்யாணம் பதியாவிட்டாலும் கல்யாணம்தான். அங்கே முறையாக நடந்ததைச் சிங்கப்பூரும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். அதே மந்திரம், அதே மஞ்சள் கயிறு. இங்கே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கட்டும்போது அது மட்டும் போதாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கணவரை இழந்த ஓர் அம்மா ஒருமுறை கல்யாண ஆல்பத்தோடு வந்தார். மேசையில் விரித்து, தாலி முடிச்சுப் போடும் படத்தின் மேல் விரலை வைத்து, "இது பத்தாதா தம்பி?" என்றார். பத்தாது என்று சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது.

உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி என்ற முறையில் உங்களுக்குப் பங்கு கிடையாது. இன்றைய நிலையில் உங்கள் மகளுக்கும் கிடையாது. யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் எழுதாத மத்திய சேமநிதி (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) பணத்துக்கும் இதே கதிதான். பிரிந்துபோக நேர்ந்தால் மனைவிக்கான ஜீவனாம்சமும் கேட்க முடியாது. மகளின் பராமரிப்புச் செலவை மட்டும் தந்தையிடம் கட்டாயம் கேட்கலாம். அதற்குப் பெற்றோர் மணமானவர்களா என்று சட்டம் பார்ப்பதில்லை.

தம்பி விஷயம் சுருக்கமானது. அவர்கள் இப்போதே கணவன் மனைவி. தை வருவதற்குள் மனம் மாறினாலும் 'நிச்சயம் முறிந்தது' என்று கைகழுவிவிட முடியாது. விவாகரத்து மனுவுக்குப் பொதுவாக மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சடங்குக்குப் பிறகே சேர்ந்து வாழ்வோம் என்று பேசி வைத்திருந்து, ஒருவர் வேண்டுமென்றே சடங்குக்கு மறுத்தால், திருமணத்தை ரத்து செய்யக் கேட்க இடமுண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் அப்படி ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? இந்த வாரமே இருவரும் உட்கார்ந்து இணையத்தில் திருமண அறிவிப்பைக் கொடுங்கள். ஒருவராவது குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் கட்டணம் 42 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 21 நாள் கழித்து, ஜாதகம் பார்த்து நல்ல நாளையே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூடத்திலேயே நடத்தலாம்; மாமியாரையே ஒரு சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மகள் பிறந்தபோது, தந்தை பெயரைச் சேர்க்க இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியிருந்தது நினைவிருக்கும். மணமாகாத பெற்றோருக்கான முறை அது. உங்கள் கணவர் சிங்கப்பூரைத் தன் நிலையான வாழ்விடமாகக் கொண்டவர் என்றால், நீங்கள் மணக்கும் அன்றிலிருந்து அவள் சட்டப்படியான மகளாகிவிடுவாள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. உங்கள் கணவர் ஏற்கெனவே உங்கள் பெயரில் சேமநிதி நியமனமோ உயிலோ எழுதி வைத்திருந்தால், கல்யாணம் ஆனதுமே சேமநிதி நியமனம் ரத்தாகிவிடும். உயிலும் பெரும்பாலும் அப்படியே. மறுநாளே புதிதாக எழுதச் சொல்லுங்கள்.