குஞ்சைக் கொஞ்சலாம், முத்தம் மட்டும் வேண்டாம்
(கால்நடை – வாசகர் கேள்வி பதில்)

எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாட்டுக்கோழி இருக்கிறது. பையனுக்கு ஒன்றரை வயது. குஞ்சைக் கண்டால் தூக்கிக் கன்னத்தில் ஒட்டிக்கொள்கிறான். கோழியை எல்லாம் விற்றுவிடு என்கிறார் மாமியார். நாங்களும் இப்படித்தானே வளர்ந்தோம் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கே.வி.குப்பம்

விற்க வேண்டாம். ஆனால் கணவர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் துள்ளித் திரியும் குஞ்சின் குடலிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். குஞ்சுக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எச்சத்தில் வெளியேறி, காலிலும் இறகிலும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கடுமையாகலாம். அதிலும் ஒன்றரை வயதில் கை எப்போதும் வாயில்தான் இருக்கும். ஆபத்து கோழியிடம் இருப்பதைவிட, அந்தக் கைக்கும் வாய்க்கும் நடுவில்தான் அதிகம்.

அதனால் குஞ்சைக் கையில் கொடுக்காதீர்கள். முறத்தில் ஒரு குஞ்சை விட்டு, பையனை மடியில் உட்கார வைத்து, ஒரு விரலால் அதன் முதுகைத் தடவச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாம் தேய்த்து 20 வினாடி கழுவி விடுங்கள். சானிடைசர் போதாது. அழுக்கும் எச்சமும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. பையன் நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள்.

அடுத்தது இடம். நாட்டுக்கோழி நாலடி வலையைச் சுலபமாகத் தாண்டும். கோழியை அடைப்பதைவிடக் குழந்தை விளையாடும் இடத்தை அடைப்பது எளிது. திண்ணைக்குக் குறுக்கே ஒரு தட்டி வைத்து, பாய் விரித்து, அங்கே கோழி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்குப் பயந்து ராத்திரியில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தோடு சமையலறை மூலையில் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள். கோழித் தண்ணீர்க் கிண்ணத்தைக் குழாயடியில் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவாதீர்கள். கொட்டகைக்குப் போக ஒரு செருப்பைத் தனியாக வையுங்கள். அதோடு வீட்டுக்குள் வராதீர்கள்.

பச்சை முட்டை சத்து என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வெந்த முட்டைதான் தர வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை, அதில் போட்டிருக்கும் அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. வீட்டில் கோழி இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கோழிகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. குழந்தைக்கு ஒட்டுமா?
– வாசகர், ஒடுகத்தூர்

ஒட்டாது. கோழி அம்மை பறவைகளோடு நின்றுவிடும். ஆனால் ஆட்டுக்குட்டியின் உதட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் புண் வந்தால், அது தொட்டவர் கையில் தொற்றும். அந்தக் குட்டிக்குப் பிள்ளைகளை விட்டுப் புட்டிப்பால் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

மூன்று வயதுப் பெண் முற்றத்துக்கு வந்தாலே சேவல் பாய்கிறது. பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை.
– வாசகி, அணைக்கட்டு

மூன்று வயதுக் குழந்தை சேவலுக்குக் கிட்டத்தட்டச் சமமான ஆள். ஓடினால் துரத்தத் தோன்றும். அது எகிறிக் காலை முன்னால் நீட்டும்போது கால் முள் படுவது குழந்தையின் முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில். முள்ளின் நுனியை மட்டும் நகவெட்டியால் வெட்டி, அரத்தால் மழுக்கலாம். அடிவரை வெட்டினால் உள்ளே உயிர் எலும்பு இருப்பதால் ரத்தம் கொட்டும். ஆனால் முகத்துக்கு நேராகப் பாயப் பழகிய சேவலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சந்தைக்கோ கறிக்கோ போகட்டும், வேறு சேவல் கிடைக்கும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடாமல், அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியை, பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் தவற விட்டுவிடாதீர்கள். ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) காப்பும் அதில்தான் இருக்கிறது.

பொய்கை சந்தையில் புதுக் கறவை வாங்கினோம். கறந்த சூட்டில் பால் குடித்தால் பிள்ளைக்கு நல்லது என்கிறார்களே?
– வாசகர், காட்பாடி

நல்லதில்லை. புருசெல்லா, காசநோய்க் கிருமி இரண்டும் பச்சைப் பாலில் வரும். பொங்கி வந்த பிறகும் கிளறிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். புருசெல்லா வந்த பிள்ளைக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போகும், ராத்திரியில் வியர்க்கும், மூட்டு வலிக்கும்.

சந்தை மாட்டின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. அதனால் கால்நடை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். சினை மாடு ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்று வீசினால் (கரு கலைந்தால்) புருசெல்லாவைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. வீட்டில் கிடேரிக் கன்று (பெண் கன்று) பிறந்தால் நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் இதற்கான தடுப்பூசியை ஒரே ஒருமுறை போட வேண்டும்.

ஆறு வயதுப் பையன் எல்லா வேலைக்கும் முன்னால் வருகிறான். எதை விடலாம்?
– வாசகி, குடியாத்தம்

முட்டை எடுக்க, தீவனம் தூவ, கட்டிப் போட்ட ஆட்டுக்கு மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடி போட விடலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது முன்பக்கமாக, அது பார்க்கும்படி, குரல் கொடுத்துக்கொண்டே போகப் பழக்குங்கள். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு வெருண்டால் கையோடு இழுத்துப் போய்விடும். கன்று ஈன்ற மாடு எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சில நாட்களுக்குக் கிட்டே விடாதீர்கள்.

தீவனம் வெட்டும் மெஷின் பக்கம் மட்டும் பெரியவர் கூட இருந்தாலும் வேண்டாம். சோளத்தட்டையை உருளை பிடித்து இழுக்கும் வேகத்தில் கையை உருவ நேரம் கிடைக்காது. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். உண்ணி மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு 108-ல் கிளம்புங்கள். கழுநீர்த் தொட்டி முழங்கால் உயரம்தான் என்றாலும் தவழும் பிள்ளை தலைகீழாக விழ அது போதும். இரும்பு வலை மூடி போடுங்கள்.

ஆடு மேய்க்கக் கூடப் போகிறவன் என்றால் இன்னொன்று. ஐப்பசி மழை தொடங்கித் தை வரை நம் வேலூர்ப் பக்கத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதிகம். ஆட்டிலிருந்து வருவதில்லை, புதர்க் காட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது. முழுக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள். வந்ததும் துணியை மாற்றிக் குளிப்பாட்டுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பீடிச் சூடு பட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தெரிந்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பொருக்கு வலிக்காது, அரிக்காது என்பதால் பையனாகச் சொல்ல மாட்டான்.