வீட்டை ஓரமாக நிறுத்துங்கள், அப்புறம் இடம் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியிலேயே குடியிருக்கிறவர்கள் குளிர்காலத்துக்கு எங்கே போய் நிற்பது, நின்ற இடத்திலிருந்து எங்கெல்லாம் போய்வருவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் கோடையிலிருந்து 30 அடி டிரெய்லரில்தான் இருக்கிறோம். பிக்கப் டிரக் வைத்து இழுக்கிறோம். இப்போது அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம், ராத்திரியில் தண்ணீர் ஹோஸ் உறைய ஆரம்பித்துவிட்டது. தெற்கே இறங்கலாம் என்று இரண்டு இடம் புக் செய்து போனோம். ஒன்றில் போன் சிக்னல் இல்லை, இன்னொன்றில் தலைமாட்டில் ரயில் ஓடுகிறது. படத்தில் பார்த்தால் எல்லாமே அழகாக இருக்கிறது, எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?
– ஃபிளாக்ஸ்டாஃப் வாசகி

பதில்: படத்தை நம்பி வீட்டை நகர்த்தாதீர்கள், அவ்வளவுதான். வாடகை வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? அதே மாதிரிதான் இதுவும். உங்களிடம் டிரக் இருக்கிறது, பெரிய வசதி அது. டிரெய்லரை ஓரிடத்தில் கழற்றி வைத்துவிட்டு, காலையில் டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் திரும்பி வரலாம். அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற குவார்ட்ஸைட்டிலோ யூமாவிலோ இரண்டு வாரத்துக்கு ஒரு சுமாரான இடம் போதும். அங்கே அழகு வேண்டாம், மளிகைக் கடையும் பெட்ரோல் பங்கும் பக்கத்தில் இருந்தால் சரி. அதை மையமாக வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிற கேம்ப்கிரவுண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எந்தப் பக்கம் போவது என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது உயரம். நீங்கள் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 6,900 அடி, யூமா வெறும் 140 அடி. ஆயிரம் அடி இறங்கினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஃபிளாக்ஸ்டாஃபில் ராத்திரி மைனஸ் 8 வரை சாதாரணமாகப் போகும், யூமாவில் அதே ராத்திரி ப்ளஸ் 8 இருக்கும். அரிசோனா என்றால் எல்லா இடமும் வெயில் என்று நினைத்து பிஸ்பீ போன்ற மலை ஊரில் டிசம்பருக்குப் பணம் கட்டிவிட்டு நடுங்குகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அது 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. தாழ்வான ஊரிலும்கூட ஆற்றங்கரைப் பள்ளத்தில் ராத்திரிக் குளிர் வந்து தேங்கி நிற்கும், பத்து நிமிடம் தள்ளி மேட்டில் அவ்வளவு இருக்காது. காய்ந்து கிடக்கிற ஓடைப்படுகை சமதளமாக இருக்கிறதே என்று அதிலும் நிறுத்திவிடாதீர்கள், எங்கோ மலையில் பெய்த மழை அதில்தான் வரும்.

நேரில் போகும்போது மத்தியானம் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். நாலு மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாம். இருட்டினால்தான் பக்கத்துத் தெருவிளக்கு எவன் ஜன்னலில் அடிக்கிறது, யார் ஜெனரேட்டர் ஓடுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ரயில் பாதை எவ்வளவு கிட்டே என்பதெல்லாம் தெரியும். தெற்கு அரிசோனாவில் நெடுஞ்சாலையும் ரயிலும் பல இடத்தில் ஒட்டியே ஓடுகின்றன, ஆர்.வி. பார்க்குகளும் அங்கேயேதான் இருக்கின்றன. கிழக்கே மலை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் காலையில் வெயில் உங்கள் ஜன்னலுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரும், ஹீட்டர் அந்த ஒரு மணி நேரமும் ஓடும்.

சிக்னலை வாசலில் நின்று பார்த்துவிட்டு வரக்கூடாது, நீங்கள் நிறுத்தப்போகிற இடத்திலேயே நின்று ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். நூறு அடி தள்ளினால் ஒரு மேட்டுக்குப் பின்னால் போய்விடும், இருந்த இரண்டு கோடும் காணாமல் போகும். அப்புறம் டம்ப் ஸ்டேஷன். யாரும் படம் எடுத்துப் போடாத இடம் அது, அதனாலேயே அதைப் போய்ப் பார்க்க வேண்டும். கழிவு டேங்க்கைக் காலி செய்துவிட்டு ஹோஸைக் கழுவுகிற குழாயும் குடிதண்ணீர் பிடிக்கிற குழாயும் தனித்தனியாக இருக்கின்றனவா, இரண்டும் பக்கத்து பக்கத்திலா? முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய் அங்கே நிற்கிற வரிசையைப் பாருங்கள். கிளம்புகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் வருவார்கள்.

கேம்ப்கிரவுண்டிலேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் ஹோஸ்டிடம் பேசுங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதி, கோல்ஃப் வண்டியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். "எங்கள் டிரெய்லர் 30 அடி, எந்த நம்பர் சரிப்படும்?" என்று கேட்டால் எதில் மரக்கிளை கூரையைக் கீறும், எதில் பின்னால் எடுக்கும்போது பாறை இடிக்கும் என்று விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அந்த நம்பர்களைக் குறித்து வைத்துக்கொண்டு வந்தால் புக்கிங் திறக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்க 180 டாலரில் இருக்கலாம் என்கிறார்களே, உண்மையா? இதில் என்ன வில்லங்கம்?
– டாலஸ் வாசகர்

பதில்: உண்மைதான், வில்லங்கமும் இல்லை, ஆனால் வசதியும் இல்லை. நில மேலாண்மைத் துறை என்ற மத்திய அரசுத் துறை அரிசோனா, கலிஃபோர்னியா எல்லைப் பக்கம் நீண்டநாள் தங்குவதற்கென்று ஏழு பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் சேர்த்துப் பல வருஷமாக 180 டாலர், இரண்டு வாரம் மட்டும் என்றால் 40 டாலர். கிளம்பும்முன் அந்தந்த வருஷக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா, யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் டேம், இந்த இரண்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டிலும் தண்ணீர், டம்ப் ஸ்டேஷன், குப்பைத்தொட்டி உண்டு. மின்சாரம் கிடையாது. நம்பர் போட்ட இடமெல்லாம் இல்லை, சரளைக்கல் தரையில் மனசுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு வெளியே இருக்கிற பொது நிலத்தில் காசே வேண்டாம். ஆனால் 28 நாளில் 14 நாள்தான் ஓரிடத்தில் இருக்கலாம், அப்புறம் 25 மைலாவது தள்ளிப் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டை மூட்டை கட்டி நகர்த்துவது பெரிய பாடு. என் கருத்து, முதல் வருஷம் 40 டாலர் சீட்டு வாங்கி இருந்து பாருங்கள். ஜனவரியில் குவார்ட்ஸைட்டில் ஆர்.வி. கண்காட்சியும் கல், ரத்தினச் சந்தைகளும் நடக்கும், ஊரே வண்டியால் நிரம்பிவிடும். அந்தக் கூட்டம் பிடிக்குமா என்பதும் தெரிந்துவிடும். எனக்குப் பிடிக்காது.

கேள்வி: மதுரையிலிருந்து அம்மா ஜனவரியில் எங்கள் ஆர்.வி.க்கு வருகிறார், வயது 68, முழங்கால் வலி. யூமாவில் நிறுத்தியிருப்போம். அவரை எங்கே அழைத்துப் போகலாம்?
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: முதல் வேலை, அம்மாவின் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்கிற அமெரிக்க நுழைவுப் பதிவின் நகலையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிரீன் கார்டையும்தான். எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு, மெக்ஸிகோ பக்கமே போகாவிட்டாலும் நிறுத்திக் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட கிரீன் கார்டுக்காரர்கள் அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வண்டியில்தானே இருக்கிறோம், வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் அங்கே எடுபடாது.

அம்மாவுக்கு நான் சொல்வது ஆர்கன் பைப் தேசிய நினைவிடம். பெயர்தான் நினைவிடம், உண்மையில் கள்ளிகள் நிறைந்த, பாதுகாக்கப்பட்ட பாலைவனம். யூமாவிலிருந்து தூரம்தான், விடிகாலையில் கிளம்ப வேண்டும், முடிந்தால் வழியில் ஆஹோவில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள். நினைவிடத்துக்குள்ளே ஆஹோ மலைப்பாதை என்று 21 மைல் மண் சாலை ஒன்று வட்டமாகப் போய் வருகிறது, உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். 25 அடிக்கு மேற்பட்ட வண்டிகளை விடமாட்டார்கள், காரோ டிரக்கோதான். ஆர்கன் பைப் கள்ளி என்பது தரையிலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பி நிற்கிற ஜாதி. பக்கத்திலேயே ஒற்றைத் தூணாக நின்று நடுவில் கை நீட்டுகிற சகுவாரோவும் இருக்கும். அம்மா பார்த்ததும் நம்ம ஊர் சதுரக்கள்ளி என்பார், விட்டுவிடுங்கள். அங்கே போனால் ட்வின் பீக்ஸ் கேம்ப்கிரவுண்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள், 208 இடங்கள். மின் இணைப்பு இல்லை, ஆனால் சூரிய வெப்பத்தில் சுடுதண்ணீர் வரும் குளியலறை இருக்கிறது. அடுத்த குளிர்காலத்துக்கு ஆகும்.

கிட்டத்திலேயே வேண்டுமென்றால் யூமாவில் 1876-இல் திறந்து 1909-இல் மூடிய பழைய சிறைச்சாலை இருக்கிறது, பேரீச்சம்பழ மில்க் ஷேக் விற்கிற தோட்டங்கள் இருக்கின்றன. குவார்ட்ஸைட் பக்கம் போனால் கல்லறைத்தோட்டத்தில் உச்சியில் ஒட்டகச் சிலை வைத்த ஒரு சின்னப் பிரமிடைக் காட்டுங்கள். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்கென்று ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே வந்த ஹாட்ஜி அலி என்பவருடைய கல்லறை அது. வாயில் நுழையாத பெயரை ஊர்க்காரர்கள் ஹை ஜாலி ஆக்கிவிட்டார்கள், கல்லறையிலும் அப்படியே இருக்கிறது. கோஃபா சரணாலயத்தில் மலைப்பிளவுக்குள் பனைமரங்கள் நிற்கிற பாம் கேன்யன் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் கல்லும் கரடுமான ஏற்றம், இந்த முழங்காலுக்கு வேண்டாம்.

கேள்வி: மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினால் கிரைண்டர் போட முடியுமா? குளிரில் மாவு புளிக்குமா? கூரையில் 400 வாட் சோலார் இருக்கிறது. (சிரிக்காதீர்கள்.)
– ஆஸ்டின் வாசகி

பதில்: சிரிக்கவில்லை, இந்த மாதத்தின் நல்ல கேள்வியே இதுதான். டிசம்பரில் தெற்கு அரிசோனாவில் உச்சிவேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுத்துக் கிடக்கிற பலகை நேராக வாங்கவேண்டிய வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வாங்கும். உங்கள் 400 வாட்டில் ஒரு நாளைக்கு சுமார் 1,000 வாட்-மணி கிடைத்தால் நல்லது. பலகையைத் தெற்கு நோக்கித் தூக்கி வைக்க முடிந்தால் கூடும்.

டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி. இது ஒன்றுமேயில்லை, மத்தியானம் தாராளமாகப் போடுங்கள். உண்மையில் மின்சாரத்தைத் தின்பது ஹீட்டரின் விசிறி. ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது, ஆனால் அந்தக் காற்றைத் தள்ளுகிற விசிறி பேட்டரியில் ஓடுகிறது, 90 வாட் வாக்கில். நீண்ட குளிர் ராத்திரியில் விட்டுவிட்டு ஓடினாலே 500 வாட்-மணியைக் காலி செய்துவிடும். அதனால்தான் மேலே அவ்வளவு நேரம் உயரத்தையும் காலை வெயிலையும் பற்றிப் பேசினேன். சூடான இடமாகப் பார்த்து நின்றால் மாவுக்கும் சேர்த்து மின்சாரம் மிஞ்சும். மாவு புளிக்க, பகலில் டிரக்கின் டேஷ்போர்டில் துணி போர்த்தி வையுங்கள், வெளியே 18 டிகிரி இருந்தாலும் கண்ணாடிக்குள்ளே நன்றாகச் சூடேறும். பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றுங்கள், பொங்கி டேஷ்போர்டில் வழிந்தால் வாசனை வசந்தகாலம் வரை போகாது.

கேள்வி: ஏன் எல்லோரும் அரிசோனா? ஃப்ளோரிடா கூடாதா?
– அட்லாண்டா வாசகர்

பதில்: தாராளமாக. ஆனால் அங்கே மாநிலப் பூங்காக்களில் உள்ளூர்வாசிகள் 11 மாதம் முன்பே புக் செய்யலாம், மற்றவர்களுக்கு 10 மாதம்தான். ஜனவரி, பிப்ரவரிக்கு நமக்கு மிஞ்சுவது சொற்பம். நேரில் போய் இடம் பார்த்தால்கூட அந்த வருஷத்துக்கு ஆகாது, அடுத்த வருஷத்துக்குத்தான்.

கேள்வி: கணவருக்கு நியூ ஜெர்சி அலுவலகம், வேலை ஆன்லைனில். இம்பீரியல் டேமில் தங்க ஆசை, ஆனால் அங்கே போன் கடிகாரம் குதிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– எடிசன் வாசகி

பதில்: குதிக்கும். இம்பீரியல் டேம் தங்கும் பகுதி கலிஃபோர்னியாவில், கடைக்குப் போகிற யூமா அரிசோனாவில், நடுவில் கொலராடோ ஆறு. குளிர்காலத்தில் கலிஃபோர்னியா ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், உட்கார்ந்த இடத்திலேயே மாறும். இரண்டு பேர் போனிலும் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தை வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் நியூ ஜெர்சிக்கு இரண்டு மணி நேரம் பின்னால். அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது, அதனால் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய பிறகு அது மூன்று மணி நேரமாகிவிடும். திங்கட்கிழமை காலை மீட்டிங் இருந்தால் அந்த ஞாயிறே அலாரத்தை மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.