ஸ்மார்ட்வாட்ச் கேள்வி-பதில்: களிம்பேறிய சார்ஜ் பின், கட்டம் கட்டமாய்த் தமிழ், சர்க்கரை சொல்லும் வாட்ச்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மழைக்காலக் கேள்விகள். கம்பம், குமுளி, மூணாறு, வாளையாறு என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. எழுதுகிறவர்கள் வாட்ச்சின் மாடல் பெயர், போனின் மாடல் பெயர் இரண்டையும் தயவுசெய்து எழுதுங்கள். பலமுறை கேட்டாயிற்று.

ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் கம்பத்திலிருந்து குமுளிக்குப் போய் வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்து வாட்ச் சார்ஜ் ஏறுவதில்லை. காந்தம் ஒட்டுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வருவதில்லை.

வாட்ச்சைத் திருப்பி, பின்பக்கம் உள்ள உலோகப் புள்ளிகளை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பு படிந்திருக்கும். வியர்வையும் மழைத்தண்ணீரும் சேர்ந்த ஈரத்தோடு சார்ஜில் போட்டால், அந்த உப்பு ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து அந்தப் புள்ளிகளின் மேல்பூச்சை அரித்துவிடும். பூச்சு போய்விட்டால் களிம்பேற அதிக நாள் ஆகாது.

செல்போன் ஸ்பேர்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் ஆல்கஹால் திரவம் கொடுப்பார்கள். காது குடையும் பட்ஸில் இரண்டு சொட்டு நனைத்து வாட்ச்சின் புள்ளிகளைத் துடையுங்கள். கேபிளில் உள்ள ஸ்பிரிங் பின்களையும் துடையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பின் உள்ளே அமுங்கியபடி நின்றிருந்தால் பல்குச்சியால் மெதுவாகத் தட்டிவிட்டால் மேலே வரும். கத்தி, குண்டூசி, உப்புத்தாள் எதுவும் கூடாது. கால் மணி நேரம் காய்ந்த பிறகு, போனோடு வந்த அதிவேக சார்ஜரை விட்டுவிட்டு சாதாரண 5 வோல்ட் அடாப்டரில் போடுங்கள். பேட்டரி அடிமட்டத்துக்குப் போயிருந்தால் முதல் அரை மணி நேரம் திரையில் எதுவும் வராது. எடுத்து எடுத்துப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

இனிமேல் வீட்டுக்கு வந்ததும் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ். ஈர வாட்ச்சைச் சார்ஜில் போடாதீர்கள்.

ஆழியாற்றில் விழுந்த வாட்ச்சை இரண்டு நாளாக அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

இப்போதே எடுத்துவிடுங்கள். அரிசி உள்ளே போன தண்ணீரை இழுக்காது, அதன் மாவுத்தூள்தான் ஸ்பீக்கர் ஓட்டையில் அடையும். ஆஃப் செய்து ஃபேன் காற்றில் வையுங்கள். நன்றாகக் காயும் வரை சார்ஜ் கிடையாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் செய்தி வந்தால் வாட்ச்சில் படிக்க முடிகிறது. அம்மா தமிழில் அனுப்பினாலும் பக்கத்து வீட்டார் மலையாளத்தில் அனுப்பினாலும் கட்டம் கட்டமாக வருகிறது. போனில் தமிழ் ஃபான்ட் ஏற்றினால் சரியாகுமா?

ஆகாது. போன் எழுத்தின் குறியீட்டை மட்டும்தான் அனுப்புகிறது, அதை வரைய வேண்டியது வாட்ச். வாட்ச்சுக்குள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம்தான் வரும். எழுத்துரு இருந்தும் சில வாட்ச்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். ‘கொ’ என்ற ஒரே எழுத்துக்கு, மெய்யின் இரண்டு பக்கமும் குறி போட வேண்டும் என்பதை அதன் மென்பொருளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ் யூனிகோடில் 1991-லேயே ஏறிவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் ஊரில் விற்கும் பொருளில் நம் எழுத்து வராதது எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் செய்யக்கூடியது, வாட்ச்சின் ஆப்பைத் திறந்து ஃபர்ம்வேர் (வாட்ச்சின் உள் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது. சில மாடல்களுக்கு இந்திய மொழிகள் பிறகுதான் வந்தன. அப்டேட் செய்யும்போது வாட்ச்சில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும், போன் பக்கத்திலேயே இருக்கட்டும், முடியும் வரை ஆப்பை மூடாதீர்கள். அதன் பிறகும் கட்டம் வந்தால் அந்த வாட்ச்சில் வழியில்லை. அடுத்த முறை வாங்கும்போது, கடையிலேயே போனோடு இணைத்து, ‘கொடைக்கானல் போகிறோம்’ என்று யாரையாவது அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரியில் கொம்பு, கால், ஐகாரம் எல்லாம் வந்துவிடும்.

வாட்ச் கனெக்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

ஊர், வாட்ச், போன் எதுவும் எழுதாமல் இப்படி ஆறேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்த வாட்ச் என்று தெரியாமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு, போனின் புளூடூத் பட்டியலில் வாட்ச் பெயரைத் தொட்டு இணைப்பது. அதை நீக்கிவிட்டு, வாட்ச்சுக்கான ஆப் வழியாக இணையுங்கள். பேசும் வசதியுள்ள வாட்ச் சில நேரம் இரண்டாவதாக ஒரு பெயரில் தெரியும். அது அழைப்புக்கான இணைப்பு, ஆப் கேட்கும்போது மட்டும் அனுமதியுங்கள். ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள போனில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். பழைய போனில் அந்த வாட்ச் இன்னும் இணைந்திருந்தால் அங்கே போய் முதலில் விடுவியுங்கள்.

ஆப்பைத் திறந்து வைத்தால்தான் நோட்டிஃபிகேஷன் வருகிறது. விவோ போன்.

போன் கம்பெனியின் பெயராவது எழுதினீர்களே, நன்றி. போன் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக ஆப்பைப் பின்னணியில் மூடிவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள், பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், நோட்டிஃபிகேஷன் அனுமதியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஷாவ்மி, ஓப்போ, ரியல்மி போன்களுக்கும் இதே கதைதான்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். சர்க்கரை 110, பிரஷர் 120/80 என்று அதையே ஒட்டிக் காட்டுகிறது. அதை நம்பி அப்பா மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வாட்ச் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது? – கம்பம் வாசகி

வாட்ச்சைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போய், மாத்திரையைக் குறைத்த விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நாளை, மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

தோலைக் குத்தாமல், தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் வாட்ச் என்று விற்பதை நம்பவே நம்பாதீர்கள். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் இதையே எச்சரிக்கையாக வெளியிட்டது: அப்படி அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை, அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து என்று. வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, ரத்தம் ஓடும்போது எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதை வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. அந்த வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்யும். சர்க்கரையை எண்ணும் வழி அதில் இல்லை. சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்க, புஜத்தில் ஒட்டும் சிஜிஎம் கருவி வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்கு அடியில் போகிறது, வாட்ச் அதன் எண்ணை வாங்கிக் காட்ட மட்டுமே செய்யும்.

பிரஷரும் இப்படித்தான். அனுமதி பெற்ற சாம்சங் வாட்ச்கூட, கைப்பட்டை கட்டும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் அளக்கும். 28 நாளுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்தாக வேண்டும். உங்கள் வாட்ச் அப்படி ஏதாவது கேட்டதா? கேட்டிருக்காது.

சோதிக்க வழி கேட்டீர்கள். ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டி, அதன்மேல் வாட்ச்சைக் கட்டி பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். இந்த ரக வாட்ச்களில் பல, துண்டுக்கும் ஒரு பிரஷர் சொல்லும். அப்பாவின் கண் முன்னால் செய்து காட்டுங்கள். வெறும் வாதத்தைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் வயதானவர்களும்தான் இந்த விளம்பரத்தில் விழுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்பவருக்கு, கையிலேயே எல்லாம் தெரியும் என்று சொல்லி விற்கிறார்கள். பெட்டியின் ஒரு மூலையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதுவும் இங்கிலீஷில். உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கேரளப் பக்கம் இருப்பவர்கள் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்துக்குப் போகலாம். வீட்டில் வேண்டுமென்றால் புஜத்தில் கட்டும் பிரஷர் மெஷினும், விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் வாங்குங்கள். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், அதற்கு முன் அரை மணி நேரம் டீ வேண்டாம்.

அந்த வாட்ச்சை மணி பார்க்கவும் போன் எடுக்கவும் வைத்துக்கொள்ளட்டும். ஆப்பில் சர்க்கரை, பிரஷர் பக்கங்களை மறைக்க வழி இருந்தால் மறைத்துவிடுங்கள்.

மூணாறில் காலை ஆறு மணிக்கு வேலைக்கு இறங்கும்போது நாடித்துடிப்பு வருவதே இல்லை. மத்தியானம் சரியாக வருகிறது. கொழுந்து வெட்டி முடிக்கும்போது நடக்காத நடையெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது.

வாட்ச்சில் கோளாறு இல்லை. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் விளக்குக்குத் துடிப்பு பிடிபடுவதில்லை. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, சற்று இறுக்கமாகக் கட்டி, ஸ்வெட்டர் கைக்குள் விடுங்கள். கத்தரியின் ஒவ்வொரு வெட்டையும் அது நடையின் ஒரு அடியாக எண்ணுகிறது, ஆகவே வேலை நேரத்து நடைக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டாம்.

தண்ணீர் தாங்கும் அளவு 5 ஏடிஎம், 50 மீட்டர் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில்கூடக் கழற்றுவதில்லை. இப்போது கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறது. – களியக்காவிளை

50 மீட்டர் என்பது சோதனைச் சாலையில் தரும் அழுத்தத்தின் கணக்கு. எண்ணெய், சீயக்காய், சோப்பு, வெந்நீர் நான்கும் உள்ளேயிருக்கும் ரப்பரையும் பசையையும் தளர்த்திவிடும். புதிதாக இருந்த காப்பு இரண்டு வருடத்துக்குப் பின் அப்படியே இருக்காது. உடனே ஆஃப் செய்யுங்கள். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் கூடாது. கடையில் திறந்து உலர்த்தி மறுபடி ஒட்டித் தருவார்கள். அதற்குப் பிறகு அதைத் தண்ணீர் தாங்கும் வாட்ச் என்று நினைக்காதீர்கள். ஆவி போய்விட்டது என்று அவசரப்பட்டுச் சார்ஜிலும் போடாதீர்கள்.

திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஃபெவிக்விக் போட்டு அழுத்தி ஒட்டலாமா?

தொடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தினால் தீப்பிடிக்கக்கூடும். சார்ஜ் செய்யாமல், படுக்கைக்கும் சமையல் கேஸுக்கும் தள்ளி வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குப்பையில் போடவும் கூடாது.

ஏழு நாள் நிற்கும் என்றார்கள். இரண்டே நாளில் தீர்கிறது.

புளூடூத் காலிங், எப்போதும் எரியும் திரை, ராத்திரி முழுக்க ரத்தத்தின் ஆக்சிஜன் பார்ப்பது, இந்த மூன்றையும் அணையுங்கள். நாலைந்து நாள் வரும். ஏழு நாள் என்பது இவை எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு.

கேலக்ஸி வாட்ச் 5 வாங்கினேன். என் ஐபோனில் சேரவில்லை.

சேராது. 2021-ல் வந்த வாட்ச் 4-லிருந்து ஆண்ட்ராய்டு போன் வேண்டும்.

புளியரையில் ஒருவரிடம் பழைய ஆப்பிள் வாட்ச் வாங்கினேன். யாருடைய பாஸ்வேர்டோ கேட்கிறது. ரீசெட் செய்தும் போகவில்லை.

எத்தனை ரீசெட் செய்தாலும் போகாது, திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அந்த வாட்ச்சை நீக்கினால்தான் திறக்கும். அவர் வெளியூரில் இருந்தாலும் ஐகிளவுட் வழியாக நீக்கலாம். விற்றவரால் அதைச் செய்ய முடியவில்லை என்றால் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் கடைக்குப் போகாதீர்கள்.